ப்ராக்ஸ்மாக்ஸ்ல விஎம்களுக்குன்னு தனி டிஸ்க் போடுறது எப்படி?

ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கிறது ஒரே சர்வர்ல பல விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டுற சாஃப்ட்வேர். அதை சாதாரணமா இன்ஸ்டால் பண்ணி முடிச்சு, பிரவுசர்ல சர்வரோட ஐபி போட்டு 8006 போர்ட்ல உள்ள போனீங்கன்னா லோக்கல், லோக்கல்-எல்விஎம்னு ரெண்டு ஸ்டோரேஜ் ஏற்கனவே இருக்கும். லோக்கல்ங்கிறது சும்மா ஒரு ஃபோல்டர் தான், ஐஎஸ்ஓ ஃபைல், பேக்கப் எல்லாம் அங்க போகும். விஎம் டிஸ்க் போறது லோக்கல்-எல்விஎம்ல. ரெண்டுமே ஓஎஸ் இருக்கிற அதே டிஸ்க்ல இருக்குங்கிறது தான் பிரச்சனை, நாளைக்கு ப்ராக்ஸ்மாக்ஸை அழிச்சுட்டு திரும்ப போடணும்னா விஎம் எல்லாம் கூடவே போயிடும். அதனால 500 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு தனியா மாட்டி, விஎம்களை அதுல வச்சுக்கலாம்.

ஸ்டெப் 1: டிஸ்க்கை அடையாளம் பாருங்க

இடது பக்கம் உங்க நோட் (அதாவது சர்வர்) பேரை கிளிக் பண்ணி டிஸ்க்ஸ் போங்க. எல்லா டிஸ்க்கும் சைஸ், மாடல், சீரியல் நம்பரோட வரும். எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற பேரை மட்டும் நம்பாதீங்க, ரீபூட் ஆனா அது மாறலாம். டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற சீரியல் நம்பரும் ஸ்கிரீன்ல இருக்கிறதும் ஒண்ணான்னு ஒத்துப் பாத்துக்கோங்க. டிஸ்க்கோட ஆரோக்கியத்தை காட்டுற ஸ்மார்ட் காலம்ல பாஸ்டுன்னு இருக்கணும்.

ஸ்டெப் 2: துடைக்கிறது

பழைய டிஸ்க்னா அதுல பார்ட்டிஷன் ஏதாவது மிச்சம் இருக்கும், அது இருக்கிற வரைக்கும் அடுத்த ஸ்டெப்ல அந்த டிஸ்க் லிஸ்ட்லயே வராது. டிஸ்க்கை செலக்ட் பண்ணி வைப் டிஸ்க் குடுங்க. உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும், அதுக்கு தான் சீரியல் நம்பர் பாக்க சொன்னேன்.

ஸ்டெப் 3: தின் பூல்

அதே டிஸ்க்ஸ் மெனுக்கு கீழ எல்விஎம், எல்விஎம்-தின், டைரக்டரி, இசட்எஃப்எஸ்னு நாலு இருக்கும், புதுசா வர்றவங்க இங்க தான் குழம்புவாங்க. ஒரே ஒரு எஸ்எஸ்டி தான் இருக்குன்னா யோசிக்காம எல்விஎம்-தின் எடுங்க, இதுல உருவாகுற ஸ்டோரேஜுக்கு தான் தின் பூல்னு பேர். ஒரே சைஸ்ல ரெண்டு டிஸ்க் இருந்து ரேம் தாராளமா இருந்தா இசட்எஃப்எஸ் மிரர் போடலாம், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா நிக்கும், ஆனா அது எழுதுற எழுத்துக்கு விலை கம்மியான எஸ்எஸ்டி சீக்கிரம் தேயும். டைரக்டரில விஎம் டிஸ்க்கை க்யூகவ்2 ஃபார்மட்ல ஒரு ஃபைலா வைக்கலாம், ஸ்னாப்ஷாட்டும் (விஎம் அந்த நேரத்துல இருந்த நிலைக்கு திரும்பிப் போக எடுத்து வைக்கிறது) எடுக்கலாம், என்னைக் கேட்டா பேக்கப் டிஸ்க்குக்கு தான் அது சரி.

க்ரியேட் தின்பூல் அழுத்தி, டிஸ்க்கை செலக்ட் பண்ணி, இடைவெளி இல்லாம சின்னதா ஒரு பேர் குடுங்க. ஆட் ஸ்டோரேஜ்ல டிக் இருக்கட்டும். அவ்ளோ தான், இடது பக்கம் புது ஸ்டோரேஜ் வந்துடும்.

ஸ்டெப் 4: விஎம் உருவாக்கும்போது

டிஸ்க்ஸ் டேப்ல ஸ்டோரேஜா புது பூலை குடுங்க. கன்ட்ரோலர் விர்ட்ஐஓ ஸ்கசி சிங்கிள். டிஸ்கார்ட்ங்கிற பாக்ஸை கண்டிப்பா டிக் பண்ணுங்க, நிறைய பேர் விட்டுடுறது இதைத்தான். இது இல்லன்னா விஎம் உள்ள 40 ஜிபி ஃபைலை அழிச்சாலும் பூலுக்கு அந்த இடம் திரும்ப வராது. அழிச்ச இடத்தை திருப்பிக் குடுக்கிற ட்ரிம்ங்கிற வேலை உபுண்டுல வாரம் ஒருதடவை தானா ஓடும். விண்டோஸ் போடுறவங்களுக்கு இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கே தெரியாது, பயப்படாதீங்க, விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை ரெண்டாவது சிடியா மாட்டி லோட் டிரைவர் குடுத்தா வந்துடும்.

இப்ப முக்கியமான விஷயம். தின் பூல்ல 100 ஜிபின்னு டிஸ்க் குடுத்தா உடனே 100 ஜிபி போகாது, விஎம் எவ்ளோ எழுதுதோ அவ்ளோ தான் போகும். அதனால 500 ஜிபி எஸ்எஸ்டில 100 ஜிபி விஎம் எட்டு கூட போடலாம், அது தடுக்காது. பத்திரிகை வச்ச அத்தனை பேரும் ஒரே பந்தியில உக்கார மாட்டாங்கங்கிற நம்பிக்கை தான் இது. ஆனா எல்லாரும் வந்துட்டா? பூல் நிரம்பிடும், விஎம் ஐஓ எரர்னு அப்படியே நின்னுடும், உள்ள இருக்கிற ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு. ஷெல் ஓபன் பண்ணி எல்விஎஸ்னு டைப் பண்ணா டேட்டா, மெட்டா ரெண்டுக்கும் எத்தனை சதவீதம் போயிருக்குன்னு வரும். மெட்டாவையும் (எந்த டேட்டா எங்க இருக்குங்கிற கணக்கு) பாருங்க, டேட்டால இடம் இருந்தும் மெட்டா நிரம்பினா அது இன்னும் பெரிய தலைவலி. 80 தாண்டுச்சுன்னா நான் புது விஎம் போடமாட்டேன், முதல்ல பழைய ஸ்னாப்ஷாட்டை அழிப்பேன், ஏன்னா ஸ்னாப்ஷாட் இருக்கிற வரைக்கும் பழைய டேட்டா எல்லாம் இடத்தை பிடிச்சுட்டே இருக்கும்.

பேக்கப்பை இந்த பூல்ல வைக்க முடியாது, விஎம் டிஸ்க்கும் கன்டெய்னரும் (விஎம் மாதிரியே, ஆனா லேசானது) மட்டும் தான். ஸ்னாப்ஷாட் இருக்கேன்னு பேக்கப் எடுக்காம இருக்காதீங்க, விஎம்மும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே எஸ்எஸ்டில தான் இருக்கு.

ஸ்டெப் 5: இடம் பத்தலன்னா

விஎம்மோட ஹார்ட்வேர்ல டிஸ்க்கை செலக்ட் பண்ணி டிஸ்க் ஆக்ஷன்ல ரீசைஸ். அங்க கேக்குறது எவ்ளோ கூட்டணும்ங்கிறதை, மொத்த சைஸை இல்ல. 60 ஜிபி டிஸ்க்கை 100 ஆக்கணும்னா 40 போடணும், 100னு போட்டா 160 ஆயிடும், திரும்ப குறைக்க இங்க பட்டன் கிடையாது. கூட்டினதுக்கு அப்புறம் விஎம் உள்ள போய் பார்ட்டிஷனையும் ஃபைல்சிஸ்டத்தையும் தனியா பெருசாக்கணும், அதுவரைக்கும் உள்ள பழைய சைஸ் தான் காட்டும்.