இரண்டு கட்சியும் ஒத்துவராத அமெரிக்க வாக்காளர் செய்யக்கூடியவை

வரியைக் குறைப்பேன் என்று வரும் ரிபப்ளிகன் வேட்பாளரே இறக்குமதி வரியை ஏற்றச் சொல்கிறார். தனிமனித உரிமை பேசும் டெமாக்ரட் வேட்பாளர் கடை வைத்திருப்பவர் தலையில் விதிமேல் விதியாக ஏற்றுகிறார். அரசின் கடன் இருவர் ஆட்சியிலும் ஏறுகிறது. வரி, விதி, கடன் எல்லாவற்றிலும் அரசு குறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் லிபர்டேரியன் வாக்காளரின் சலிப்பு நியாயமானதுதான். ஆனால் சலித்துப்போய் வீட்டிலிருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஜனாதிபதி முதல் உள்ளூர்ப் பதவி வரை ஒரே வாக்குச்சீட்டில் வரும்; அதைக் கீழிருந்து படியுங்கள், மேலே உள்ள போட்டியில் சிறு கட்சிக்குக் கிடைப்பது குறைவு. 48 மாநிலங்களில் ஜனாதிபதித் தேர்தலில் முதலிடம் பெறுபவருக்கே அந்த மாநிலத்தின் எலெக்டர்கள் (ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) அனைவரும். 2016-ல் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சன் ஏறத்தாழ 45 லட்சம் வாக்கு வாங்கியும் ஒரு எலெக்டர்கூடக் கிடைக்கவில்லை. தேசிய அளவில் 5 சதவீதம் எடுத்தால் அடுத்த தேர்தலுக்கு அரசு நிதியில் பங்கு உண்டு. அவர் எடுத்தது 3.3. அரசுப் பணம் வேண்டாம் என்கிற கட்சிக்கு அந்த இலக்கே கொஞ்சம் வேடிக்கைதான்.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே மாநிலத் தேர்தல் அலுவலகத் தளத்தில் உங்கள் முகவரிக்கான மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து, சிறு சதவீதத்துக்கும் சட்டப்படி விளைவு உள்ள போட்டி எது என்று தேடுங்கள். இண்டியானாவில் அது மாநிலச் செயலாளர் பதவி: அங்கே 2 சதவீதம் கிடைத்தால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குக் கையெழுத்து திரட்டாமலே கட்சிக்குச் சீட்டில் இடம். ஜார்ஜியாவில் செனட் இடத்தை வெல்லப் பாதிக்கு மேல் வேண்டும். 2020 நவம்பரில் ரிபப்ளிகன் வேட்பாளர் டேவிட் பெர்டூ 49.7 சதவீதத்தில் நின்றார். லிபர்டேரியன் வேட்பாளருக்கு 2.3. அதனால் போட்டி 2021 ஜனவரி மறுசுற்றுக்குப் போனது, பெர்டூ தோற்றார். 2022-லும் அங்கே இதே காரணத்தால் மறுசுற்று வந்தது. மறுசுற்றுச் சீட்டில் முதல் இருவர் மட்டுமே இருப்பார்கள்; அப்போது என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வையுங்கள்.

பெரிய கட்சிக்குள்ளேயே ஓரளவு ஒத்த கருத்துள்ளவர் நின்றால், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிதான் சரியான இடம். வாக்குப்பதிவு குறைவு, ஒவ்வொரு வாக்குக்கும் எடை கூடுதல். ஆனால் ஃபுளோரிடா, பென்சில்வேனியா, நியூயார்க்கில், வாக்காளர் பதிவில் அந்தக் கட்சியைக் குறித்தவர் மட்டுமே போடலாம். கட்சிப் பதிவை மாற்றக் கடைசி நாளைத் தவறவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. ஃபுளோரிடாவில் பிரைமரிக்கு 29 நாள் முன்பே மாற்றியாக வேண்டும். ஜார்ஜியா, டெக்சாஸ், மிச்சிகனில் இந்தத் தடை இல்லை.

சீட்டில் இல்லாத ஒருவரின் பெயரை எழுதிப் போடுவது எளிதாகத் தோன்றும், பெரும்பாலும் வீண். ஹவாய், நெவாடா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் அதற்கு இடமே இல்லை. அனுமதிக்கும் மாநிலங்கள் பலவற்றிலும், முன்கூட்டியே பதிவு செய்த வேட்பாளரின் பெயர்தான் எண்ணப்படும். நெவாடாவில் மாநில அளவிலான போட்டிகளில் 'இவர்களில் யாருமில்லை' என்ற வரி உண்டு. நம்ம ஊர் நோட்டா மாதிரிதான்: அது முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளரே வென்றவர்.

மெய்ன், அலாஸ்காவில் தரவரிசை வாக்கு (வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவது; கடைசியில் வருபவர் வெளியேறினால் அவர் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும்) இருப்பதால் 'வாக்கைப் பிரிக்கிறாய்' என்ற பழிக்கு அங்கே வலு குறைவு. முதலிடம் லிபர்டேரியனுக்கு, இரண்டாமிடம் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியவருக்கு. ஒரே ஆளுக்கு எல்லா இடத்தையும் கொடுத்தால் பலம் கூடாது. அவர் வெளியேறியதும் உங்கள் சீட்டும் எண்ணிக்கையிலிருந்து போய்விடும். ஒரே வரிசை எண்ணை இருவருக்குக் கொடுத்தாலும் சிக்கல்.

சாதாரணச் சீட்டில் ஒரு பதவிக்கு இருவரைக் குறித்தால் அந்தப் பதவிக்கான வாக்கு மட்டும் செல்லாது. பிடிக்காத போட்டியைக் காலியாக விடலாம், மற்றவை கெடாது.

தேர்தல் இல்லாத மாதங்களில் கட்சியைச் சீட்டில் ஏற்றும் மனுக்கள் சுற்றும். உங்கள் வாக்காளர் பதிவில் உள்ள முகவரியையே எழுதுங்கள். வீடு மாறிவிட்டுப் பதிவைப் புதுப்பிக்காதவர்களின் கையெழுத்துதான் சரிபார்ப்பில் அதிகம் அடிபடும். டெக்சாஸில் அந்த ஆண்டு ஏதாவதொரு பிரைமரியில் வாக்களித்திருந்தால் புதுக் கட்சி மனுவில் கையெழுத்திட முடியாது. ஆகவே அங்கே பிரைமரியா, மனுவா என்பதை மார்ச் மாதத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.