ராத்திரியில் எழுந்துவிடும் அடைக்கோழி

எங்கள் நாட்டுக்கோழி பகலில் ஒழுங்காக அடை கிடக்கும். பொழுது சாய்ந்ததும் எழுந்து கூடையருகே நின்றுவிடும். முட்டைகள் சில்லிட்டுப் போகும். கூடையை இருட்டு மூலைக்கு மாற்றினேன், சேவலைப் பிரித்தேன், கம்பும் தண்ணீரும் பக்கத்திலேயே வைத்தேன். பலனில்லை.

அப்புறம் ராத்திரி டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: கூடைப் பின்னலில் சிவப்புப் புள்ளிகளாகச் செள்ளு ஊர்கிறது. பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில்தான் ரத்தம் குடிக்க வரும். அதனால் பகலில் மேலோட்டமாகத் தேடினால் சிக்காது. வெள்ளைத் துணியால் பின்னலை அழுத்தித் துடைத்தால் ரத்தக் கறை ஒட்டும்.

கூடையை எரித்துவிட்டு, இடுக்கே இல்லாத அகன்ற மண்சட்டியில் மணலும் சாம்பலும் பரப்பிப் புது வைக்கோல் போட்டேன். இறக்கைக்கு அடியிலும் சாம்பல் தேய்த்தேன். புது முட்டைகளை வைத்து, இருட்டிய பிறகே கோழியை உட்கார வைத்தேன். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். 21-ஆம் நாள் குஞ்சுகள் பொரிந்தன. பெரிய நிம்மதி.