தங்க ரேக்குக்குத் தனிக் கணக்கு

தஞ்சாவூர் ஓவியத்தை நம்பிப் பிழைக்கும் எனக்குக் கையில் காசு நிற்காததற்கு முக்கியக் காரணம் தங்கம்தான். ஆர்டர் எடுக்கும் நாளில் ஒரு விலை பேசுவோம். பலகையில் துணி ஒட்டி, படம் வரைந்து, கல் பதித்து, சாக் பவுடரும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பிக் காயவைத்த பிறகுதான் ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, ஒட்ட முடியும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். 22 காரட் ரேக்கின் விலை நமக்காகக் காத்திருக்குமா?

இப்போது விலைச்சீட்டில் ரேக்கை மட்டும் தனி வரியாக எழுதுகிறேன்: இத்தனை தாள், இன்றைய விலை இவ்வளவு. அந்தத் தொகை முன்பணமாக வந்த அன்றே ரேக்கை வாங்கி வைத்துவிடுவேன். மீதி என் கூலி. பேரம் பேசுபவர்கள் அதில்தான் கை வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அவர்களுக்குப் படத்தின் அளவைக் குறைத்துத் தருகிறேன், கூலி விகிதத்தை அல்ல.

அப்புறம், மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கினேன். கண்காட்சிகளில் கடை கேட்டு விண்ணப்பிக்க அது உதவுகிறது. அங்கே கூட்டம் நிற்பது பெரிய கிருஷ்ணர் முன்னால். விற்பது என்னவோ உள்ளங்கை அகலப் பிள்ளையார்தான். அதனால் நவராத்திரிக்கான சின்னப் படங்களை ஆடியிலேயே தொடங்கிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடு சீக்கிரம் காயாது. அந்த மாதங்களில் வகுப்பு எடுக்கிறேன். ரேக்கை மாணவர்களே வாங்கி வர வேண்டும், அதில் மட்டும் கறார்.