123456789: ஈஸி நம்பர்னு நெனச்சு சொதப்புற இடங்க

12 கோடியே 34 லட்சத்து 56 ஆயிரத்து 789. பாக்க குழந்தை எழுதுன நம்பர் மாதிரி இருக்கும், ஆனா இத அலச உக்காந்து ஒரு தப்பாவது பண்ணாத ஆளு கம்மிதான், நானும் அந்த லிஸ்ட்ல உண்டு.

இலக்கத்த எல்லாம் கூட்டுனா 45, அதனால 9ஆல வகுபடும், இதுவரைக்கும் ஓகே. சிலர் அதோட நிக்காம "45 அஞ்சாலயும் வகுபடுதே, அப்ப நம்பரும் வகுபடும்"னு கிளம்பிருவாங்க. கூட்டிப் பாக்குற டிரிக் 3க்கும் 9க்கும்தான், 27க்கு கூட செல்லாது. 5க்கு கடைசி இலக்கத்த பாக்கணும், இங்க அது 9, முடிஞ்சது கதை.

பெரிய சொதப்பல் இதுக்கு அப்புறம்தான். 9ஆல வகுத்தா 13717421 வரும், அத 7, 11, 13னு போட்டுப் பாப்போம், போகாது, 100 வரைக்கும் போவோம், அப்பவும் போகாது, சரி பகா எண்தான்னு மூட்டைய கட்டிருவோம். வர்க்கமூலம் வரைக்கும் போகாம அப்படி சொல்லவே கூடாதுங்க. இதோட வர்க்கமூலம் 3703 சொச்சம், இது பண்ற லொள்ளு என்னன்னா முதல் காரணியே 3607லதான் சிக்கும், அது 504ஆவது பகா எண்! ஜோடி 3803. 3600 வரைக்கும் பொறுமையா வந்து அலுத்துப்போய் நிறுத்துனவர நெனச்சாதான் பாவமா இருக்கு.

ஆக 3² × 3607 × 3803. வகுத்தி (மிச்சமில்லாம இத வகுக்குற எண்) எத்தனைன்னு கேட்டா, மூணு பகா எண் இருக்கு, 2×2×2 = 8னு டக்குனு சொல்லிருவாங்க. 3 ரெண்டு தடவ வருதே, ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டித்தான் பெருக்கணும், 3×2×2 = 12. அந்த பன்னெண்டையும் கூட்டுனா 178422816, நம்பர விட பெருசா இருக்கேன்னு 'அபண்டன்ட்'னு (தன்னத் தவிர மத்த வகுத்திங்களோட கூட்டுத்தொகை தன்னை விட பெருசா இருக்குற எண்) எழுதிடாதீங்க, அந்த நம்பரையே அதுலேர்ந்து கழிக்கணும். கழிச்சா 54966027, பாதி கூட தேறல, அதனால 'டெஃபிஷியன்ட்', அதாவது அந்தக் கூட்டுத்தொகை தன்னை விட சின்னதா இருக்குற எண்.

நான் மாட்டுனது கால்குலேட்டர்ல. ரூட் அமுக்குனேன், 11111னு வரிசையா ஒன்னா நின்னுச்சு, ஆஹா முழு வர்க்கம்னு துள்ளிட்டேன், பின்னாடி புள்ளி வச்சு .11106 இருந்தத கவனிக்கவே இல்ல. 11111ஐ வர்க்கப்படுத்துனா 123454321தான், 2468 கொறையுது (அதுவும் பாருங்க, எவ்ளோ அழகா கொறையுது).

987654321ஐ நம்ம 123456789ஆல வகுத்தாலும் இதே கண்கட்டுதான், சின்ன ஸ்கிரீன்ல 8னு நிக்கும், ஆனா எட்டு மடங்குக்கு மேல 9 மிச்சம் இருக்கு.

எக்செல்ல 123456789ஐ வர்க்கப்படுத்துனா 15241578750190500னு காட்டும். அது 15 இலக்கத்துக்கு மேல வச்சுக்காது, மிச்சத்துக்கு பூஜ்யம் போட்டுரும். உண்மையான விடை 15241578750190521, கடைசி ரெண்டு இலக்கத்த சரிபாக்க 89ஐ 89ஆல பெருக்குங்க போதும், 7921.