நல்லது நடந்தது சரி, செய்தது சரியா? எடைபோட்டுப் பார்க்க ஒரு வழி

"எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இப்போது எதற்குப் பழசைக் கிளறுகிறீர்கள்?" வீட்டுப் பஞ்சாயத்தில் தொடங்கி அரசாங்கத் திட்டம் வரைக்கும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பல காரியங்களை மூடிவிடுகிறார்கள். பலன் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் எப்போது சேர்ப்பது, அதற்கு முன்னால் என்னென்ன கேட்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் கடைப்பிடிக்கும் முறையை நிஜமாக நடந்தவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பலன் தெரிந்த நாளை அல்ல, காரியம் செய்த நாளை.

1796 மே 14, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற ஊர். எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், தன் தோட்டக்காரரின் மகனான எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸின் கையைக் கீறி, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த மாட்டம்மைச் சீழை (மாடுகளிடமிருந்து தொற்றும் லேசான அம்மை அது) அதில் ஏற்றினார். ஜூலையில் அதே பையனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. இதிலிருந்து பிறந்த தடுப்பூசியால் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் நோய் அது. இந்த 30 கோடியைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டால் மறுதட்டில் எதை வைத்தாலும் அசையாது, அதனால்தான் அதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஜென்னருக்குத் தெரிந்தது என்ன? மாட்டம்மை வந்தவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற ஊர்ப் பேச்சு, அதோடு அவரே பார்த்துக் குறித்துவைத்த விவரங்கள். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பெரியம்மைச் சீழையே கொஞ்சமாகக் கீறி ஏற்றுவது அப்போது இங்கிலாந்தில் சாதாரண வழக்கம், ஜென்னருக்கே சிறு வயதில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் நூற்றுக்கு ஓரிருவர் இறந்தார்கள், தானாக அம்மை கண்டவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேர். ஆக ஜூலையில் அந்தப் பையனுக்குச் செய்தது, அந்தக் காலத்தில் பெற்றவர்களே தங்கள் பிள்ளைக்குக் கேட்டுச் செய்துகொண்ட ஒன்றுதான். அந்த 30 கோடியைத் தொடாமலே ஜென்னர் செய்ததில் பெரும்பகுதியை நியாயப்படுத்த முடிகிறது என்பது என் எண்ணம். எனக்கு நெருடுவது ஒன்றுதான்: வேலை கொடுக்கும் டாக்டரே வந்து பையனைக் கேட்கும்போது தோட்டக்காரரால் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா?

அடுத்துக் கேட்க வேண்டியதும் அதுதான். விலை கொடுத்தவர் யார், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததா?

1840-களின் பின்பாதியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்து எந்நேரமும் சிறுநீர் கசியும் கொடுமைக்கு அறுவை சிகிச்சை கண்டுபிடிக்க முயன்றார். அவர் முயன்று பார்த்தது அடிமைப் பெண்களின் உடலில். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 அறுவை சிகிச்சைகள், மயக்க மருந்து இல்லாமல். கடைசியில் பலித்தது. அதன் வழி வந்த சிகிச்சையால் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை மீண்டிருக்கிறது, அதை மறுக்கவே முடியாது. அந்தப் பெண்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள் என்று சிம்ஸ் எழுதிவைத்தார். அந்தப் பெண்கள் சொன்னது எதுவும் எங்கும் பதிவாகவில்லை. நோயின் வேதனையில் அவர்களும் குணமாக விரும்பியிருக்கலாம், ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகும் உரிமை இல்லாதவர் சொல்லும் சரி, சம்மதம் ஆகாது. இங்கே என் தீர்ப்பில் தயக்கமில்லை: சிகிச்சை நல்லது, அதைக் கண்டுபிடித்த விதம் தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், முரண்பாடு எதுவும் இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து சிம்ஸின் சிலையை 2018-ல் எடுத்தார்கள். அவருடைய மருத்துவமனை இருந்த மான்ட்கோமரி நகரில் 2021-ல் அந்த மூன்று பெண்களுக்குச் சிலை வந்தது.

மூன்றாவதாக, அதே பலனுக்கு வேறு வழி இருந்ததா என்று பாருங்கள். "வேறு வழியே இல்லை" என்று சொல்பவர் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இத்தனை ஆள் கொண்டு வரவில்லையென்றால் சம்பளம் கிடையாது என்று ஆசிரியர்களுக்குக்கூட இலக்கு வைத்த மாநிலங்கள் இருந்தன. ஹரியானாவில் உத்தாவர் என்ற கிராமத்தையே 1976 நவம்பரில் போலீஸ் சூழ்ந்துகொண்டு ஆண்களைப் பிடித்துப்போனது. மக்கள்தொகைப் பெருக்கம் குறைந்தால் வறுமை குறையும் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட நல்ல பலன். சரி, கேரளமும் தமிழ்நாடும் எப்படிக் குறைத்தன? கேரளம் 1980-களின் இறுதியிலும் தமிழ்நாடு 1990-களின் தொடக்கத்திலும், ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளை என்ற நிலைக்கு வந்துவிட்டன. பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது ஏறியது, பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. தமிழ்நாட்டிலும் இலக்கும் ஊக்கத்தொகையும் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் குறைத்தது அவை மட்டும் இல்லை.

இந்த இடத்திலேயே முழுச் செலவையும் எழுதிவிடுங்கள். கட்டாயப்படுத்தியதன் விலை அந்த இரண்டு வருடத்தோடு தீரவில்லை. ஆண்களுக்கான அறுவை சிகிச்சை என்றாலே பயம் என்றாகி, அதற்கப்புறம் குடும்பக்கட்டுப்பாட்டுச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. இன்றைக்கும் பிரசவ வார்டில் கருத்தடை பற்றிக் கேள்வி மனைவியிடம்தான் வருகிறது, கணவர் வெளியே நிற்கிறார். நல்ல பலனைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதே இல்லை.

கேட்காமல் செய்வது எப்போதும் தப்பா என்றால், இல்லை. விபத்தில் நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யத்தான் வேண்டும். கண் விழித்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்ல முடியும், சொன்னால் பெரும்பாலும் அவரும் ஒப்புக்கொள்வார். உரியவரிடம் பிற்பாடு முகம் பார்த்துச் சொல்ல முடியாத காரியம் என்றால் செய்வதற்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

இதையெல்லாம் நம் வீட்டில் எங்கே பயன்படுத்துவது? அப்பாவுக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. "அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிடுவார்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள், ஃபைல் அத்தையின் பையில் ஒளிந்துகொள்கிறது, கீமோவை 'சத்து ஊசி' என்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். இன்று நமக்குத் தெரிந்தது என்ன? அவர் உடைந்துபோவார் என்பது நம் ஊகம் மட்டும்தான். விலை கொடுப்பது யார்? அவர். நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, யாரைக் கடைசியாகப் பார்ப்பது, சிகிச்சையை எதுவரை தொடர்வது என்று முடிவெடுக்கும் நாட்களெல்லாம் அவர் கையைவிட்டுப் போகின்றன. வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. ரிப்போர்ட்டை விரிப்பதற்கு முன்னால், வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அப்பா, டாக்டர் சொல்றது எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல நாங்களே பார்த்துக்கணுமா?" நீங்களே பார்த்துக்கோங்க என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், அதன்படியே நடங்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம்.