பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனை முதல் தடவை கேட்பது எப்படி?

இவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைக் கிட்டாரோடு பாடியவர். பழைய பதிவின் இரைச்சலைக் கேட்டதும் அணைத்துவிடாதீர்கள். இவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவை 1926 முதல் 1929 வரை பாராமவுண்ட் இசைத்தட்டுகளாக வந்தவை. விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி நடத்திய தொழில் அது. மட்டமான அரக்குக் கலவையில் தட்டுகளை அச்சடித்தார்கள், மூலத் தகடுகளும் பெரும்பாலும் மிஞ்சவில்லை, அதனால் இன்று நம் காதுக்கு வருவது யார் வீட்டிலோ ஓடித் தேய்ந்த தட்டின் சத்தம்தான்.

ஆகவே ‘மேட்ச்பாக்ஸ் புளூஸ்’ பாட்டில் தொடங்குங்கள், அதுவும் 1927இல் அட்லாண்டாவில் ஓகே (OKeh) என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியதில். பாராமவுண்டுக்கும் இதே பாட்டைப் பாடியிருக்கிறார், ஆனால் ஓகே பதிவில்தான் கிட்டார் துலக்கமாகக் கேட்கும்.

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம்தான், பத்து அங்குலத் தட்டில் அவ்வளவுதான் கொள்ளும். முதல் தடவை குரலை மட்டும் கவனியுங்கள்: ஒரு வரி பாடுவார், அதையே திரும்பப் பாடுவார், மூன்றாவது வரியில் பதில் வரும். இது பிடிபட்டதும், அடுத்த தடவை குரலை விட்டுவிட்டு கிட்டாரின் பின்னாலேயே போங்கள். பாடும்போது அடங்கியிருக்கும் கிட்டார், வரி முடிந்த கணத்தில் முன்னால் பாய்ந்து, ஒற்றைத் தந்தியில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு, மறுபடி குரலுக்கு வழிவிடும். காலால் தாளம் போட்டுப் பாருங்கள், நாலு நாலாக எண்ணினால் நிச்சயம் தப்பும், ஏனென்றால் வரிக் கடைசியை அவர் இஷ்டத்துக்கு நீட்டுவார். அதைப் பிழை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கண் தெரியாத மனிதர், டெக்சஸில் ஊர் ஊராகச் சுற்றி, டல்லாஸ் நகரின் டீப் எலம் பகுதித் தெருவோரங்களில் பெரும்பாலும் தனியாகவே பாடிக் காசு வாங்கியவர். கூட வாசிக்க ஆள் இருந்தால்தானே தாளத்தைக் கட்டிவைக்க வேண்டும்?

அப்புறம் ‘சீ தட் மை கிரேவ் இஸ் கெப்ட் கிளீன்’, 1928 பதிவு. தேவாலய மணியைப் பற்றிப் பாடும் இடம் வரும், அங்கே தடித்த தந்தி மணியாகவே அடிப்பதைக் கேளுங்கள். தன் கல்லறையைச் சுத்தமாக வைக்கும்படி கேட்டுப் பாடியவர் 1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார். டெக்சஸில் வொர்தம் ஊரில் புதைத்த இடத்துக்கு 1967 வரை ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

இவ்வளவும் பிடித்துவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டாரில் புளூஸ் வாசித்த டி-போன் வாக்கர் பக்கம் போங்கள். சிறுவனாக இருந்தபோது டல்லாஸ் தெருக்களில் ஜெஃபர்சனைக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். அந்த ஒற்றைத் தந்தி ஓட்டம் எலெக்ட்ரிக் கிட்டாரில் என்ன ஆகிறது என்று அங்கே கேட்கலாம்.