பேன்ட் பாக்கெட்டில் டப்பா கிடைத்தால்

துவைக்கப் போட்ட மகனின் பேன்ட்டில் ஒரு சின்ன டப்பா. புதினா வாசம். திறந்தால் டீத்தூள் பை மாதிரி குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஏதோ மிட்டாய் என்று தூக்கிப் போடுகிற அம்மாக்கள் உண்டு. அது கூல் லிப், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் புகையிலை. புகை வராது என்பதால் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லேயே தடை வந்தது. பெட்டிக்கடையில் கள்ளத்தனமாக இன்னும் கைமாறுகிறது. போதை என்றால் பாட்டிலும் பீடியும்தான் என்று நினைத்து, பையனின் வாயை மட்டும் மோந்து பார்ப்பது நாம் செய்யும் முதல் தவறு.

அடுத்தது அடி. அடித்தால் பழக்கம் நிற்பதில்லை, ஒளித்துவைக்கும் இடம்தான் மாறுகிறது. கோபம் ஆறிய பிறகு கேளுங்கள். "யாருடா கொடுத்தான்?" என்று ஆரம்பித்தால் வாய் திறக்க மாட்டான். "எப்பெல்லாம் போடணும்னு தோணுது?" என்று கேட்டால் டியூஷன் அலுப்போ, கூட்டாளிகளின் கிண்டலோ மெல்ல வெளியே வரும்.

பள்ளிகளுக்கும் ஒரு தவறு பிடித்துப்போயிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் புற்றுநோய்ப் படம் காட்டி, உறுதிமொழி எடுக்கவைத்து, போட்டோ பிடிப்பது. அமெரிக்காவில் 1983-ல் போலீஸ்காரர்களையே வகுப்புக்கு அனுப்பி 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்ததில் நிலைத்த பலன் தெரியவில்லை. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை. அதற்குக் குடும்பங்களுக்குப் பண உதவி. ராத்திரி தெருவில் சுற்றக் கட்டுப்பாடு. பெற்றோர் கூடிப் பேசிவைத்துக்கொள்வது. முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்ன 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5. நாமோ பத்தாம் வகுப்பு வந்ததும் பையனின் கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம்!

அப்புறம், "தம்பி, ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்கிற மாமாக்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை என்று பாடம் எடுப்பவர்களே அவர்கள்தான். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை. கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

"வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்று வருஷக்கணக்கில் விடுவதும் உண்டு. விட முயன்றும் முடியவில்லை, எரிச்சலும் தூக்கமின்மையும் வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.